டைவ்மாஸ்டரின் கூலி

ஸ்கூபா முக்குளிப்புத் தொழிலில் டைவ்மாஸ்டர் முதல் படியில் நிற்பவர். அவருக்கு மேலே பயிற்றுநர், கீழே காசு கொடுத்துக் கடலில் இறங்க வந்திருக்கும் வாடிக்கையாளர். பயிற்றுநர் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தருகிறார். டைவ்மாஸ்டர் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களைக் கடலுக்கடியில் அழைத்துச் செல்கிறார், வகுப்புகளில் பயிற்றுநருக்குத் துணை நிற்கிறார், படகு கிளம்பியது முதல் கரை திரும்பும் வரை எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கிறார். ஐ.எஸ்.ஓ. 24801-3 என்ற சர்வதேசத் தரநிலை இந்தப் பணிக்கான தகுதிகளை வரையறுத்திருக்கிறது. எந்த நாட்டில் சான்றிதழ் வாங்கினாலும் தகுதி ஏறக்குறைய ஒன்றுதான். இவருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால் மட்டும் ஊருக்கொரு பதில் வருகிறது. சில இடங்களில் நாள்கூலி, சில இடங்களில் வாடிக்கையாளர் தலைக்கு இவ்வளவு, சில இடங்களில் டிப்ஸ் மட்டும். கணிசமான இடங்களில் கையில் பணமே வராது. கடலில் இலவசமாக இறங்கக் கிடைக்கிறதே, அதுவே போதாதா என்பது அங்கெல்லாம் எழுதப்படாத ஒப்பந்தம்.

அது போதுமா என்று பார்ப்பதற்கு முன் அவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்கு முக்குளிப்பில் பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டர் ஒன்று, காற்று நிரப்பிய நிலையில் பதினாறு பதினேழு கிலோ இருக்கும். பத்துப் பேர் காலையில் இரண்டு முறை கடலில் இறங்குகிறார்கள் என்றால் இருபது சிலிண்டர்கள், கூடவே ஒன்றிரண்டு உபரி. இவை கம்பிரசர் அறையிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து படகுக்கும், பிறகு அதே வழியில் காலியாகத் திரும்பவும் போக வேண்டும். ஒவ்வொருவரின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற உடை, துடுப்பு, ஈயக்கட்டி எடுத்துவைக்க வேண்டும். ரெகுலேட்டர்களில் கசிவு இருக்கிறதா, ஆக்சிஜன் பெட்டியில் போதிய ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் கூச்சத்தில் மறைக்கும் ஆஸ்துமாவையும் காது வலியையும் படிவத்திலிருந்தோ முகத்திலிருந்தோ கண்டுபிடிப்பதும் அவர் வேலைதான்.

படகு நங்கூரமிட்டதும் பெரும்பாலும் முதலில் நீரில் இறங்கி நீரோட்டம் பார்ப்பவர் அவரே. அதன் பிறகு விளக்கவுரை: எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் போவது, கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டால் என்ன செய்வது, காற்று எவ்வளவு மிச்சம் இருக்கும்போது சைகை காட்டுவது. 200 பார் அழுத்தத்தில் தொடங்கும் சிலிண்டர் 50 பாருக்கு இறங்குவதற்குள் எல்லோரும் மேலே வந்தாக வேண்டும். வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கி மற்றவர்களைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே காற்றைத் தீர்த்துவிடும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வது அனுபவத்தில் வருவது, புத்தகத்தில் இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது நீருக்கடியில் கழியும் முக்கால் மணி நேரம்தான். உப்பு நீர் பட்ட கருவிகளை நன்னீரில் அலசிக் காயவைப்பது, பதிவேடு எழுதுவது, மறுநாளைக்குச் சிலிண்டர் நிரப்புவது எல்லாம் அவர்கள் ஓட்டலுக்குத் திரும்பிய பிறகு நடப்பவை. உழைப்போடு அபாயமும் இருக்கிறது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கொஞ்சம் கூடுகிறது. சுற்றுலாப் பயணி ஒரு வாரம் முக்குளித்துவிட்டுப் போய்விடுவார். டைவ்மாஸ்டர் பருவம் முழுக்க, நாள் தவறாமல் இறங்குகிறார்.

இந்த இடத்துக்கு வருவதற்கே செலவு செய்ய வேண்டியிருக்கிறது. உலகில் மிகப் பரவலான பயிற்சி அமைப்பு 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. அதன் விதிப்படி டைவ்மாஸ்டர் ஆக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 40 முறை முக்குளித்த பதிவு இருந்தால்தான் பயிற்சியில் சேரலாம், 60 முறை ஆனால்தான் சான்றிதழ். கருவி எதுவுமில்லாமல் 400 மீட்டர் நீச்சல், முகமூடியும் துடுப்பும் அணிந்து 800 மீட்டர், களைத்துப்போனவரை 100 மீட்டர் இழுத்துவருவது, 15 நிமிடம் மிதப்பது என்று தேர்வுகள் உண்டு. ஒரே காற்றுக் குழாயில் மாறி மாறிச் சுவாசித்துக்கொண்டே நீருக்கடியில் இருவரும் தங்கள் கருவிகளை முழுவதுமாக மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு பயிற்சி, பலருக்கு வியர்வை வரவழைப்பது. பயிற்சிக் கட்டணம், புத்தகக் கட்டணம், சான்றிதழ் விண்ணப்பக் கட்டணம், சொந்தக் கருவிகள் எல்லாமே கற்பவர் கையிலிருந்து போகின்றன. தேறிய பிறகும் தொழில்முறைத் தகுதியைத் தக்கவைக்க ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும். பல நாடுகளில் பொறுப்புக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். ஆக, சம்பளமில்லாத டைவ்மாஸ்டர் வெறுங்கையோடு வேலை செய்பவர்கூட அல்லர், ஆண்டுக்கு ஆண்டு கையிலிருந்து கொடுத்து வேலை செய்பவர்.

இப்படியொரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளையாட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஜாக் கூஸ்தோவும் எமீல் கான்யானும் 1943இல் பிரான்சில் உருவாக்கிய அக்வாலங் கருவி, போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதைச் சுற்றி முதலில் முளைத்தவை மன்றங்கள். பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953இல் உருவானது, உலக நீருக்கடி விளையாட்டுக் கூட்டமைப்பு 1959இல். மன்றத்தில் முதலாளி கிடையாது. சந்தா கட்டி எல்லோரும் சேர்ந்து கம்பிரசர் வாங்குவார்கள், படகு வாங்குவார்கள். அனுபவசாலி புதியவருக்குக் கற்றுத்தருவார், அந்தப் புதியவர் சில ஆண்டுகள் கழித்து அடுத்தவருக்குக் கற்றுத்தருவார். யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை, யாரும் லாபம் எடுப்பதும் இல்லை. பிறகு பயிற்சி விற்பனைப் பொருளானது. கடை வந்தது, கட்டணம் வந்தது, சுற்றுலாத் தொகுப்பு வந்தது. மன்றத்தின் பழக்கங்களில் ஒன்று மட்டும் கடைக்குள் அப்படியே தங்கிவிட்டது: கூலி கேட்காமல் உதவுவது. உதவி பெறுபவர் சக உறுப்பினர் அல்லர், வணிக நிறுவனம் என்ற மாற்றத்தை அந்தப் பழக்கம் கவனிக்கவில்லை.

கூலியில்லா டைவ்மாஸ்டர்களிலும் வகை உண்டு. நகரத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் உள்ளூர்க் கடைக்கு வந்து வகுப்புகளில் உதவுபவர்கள் முதல் வகை. அமெரிக்காவின் உள்நாட்டு நகரங்களில் இவர்களே அதிகம். இவர்களுக்குக் கடையில் கருவி வாங்கினால் தள்ளுபடி, இலவசக் காற்று, கடை நடத்தும் பயணங்களில் சலுகை கிடைக்கும். இரண்டாம் வகை இன்டர்ன்ஷிப்காரர்கள். வெப்பமண்டலத் தீவொன்றில் சில வாரமோ சில மாதமோ தங்கி, பயிற்சியும் படுக்கையும் பெற்று, பதிலுக்குக் கடையில் வேலை செய்பவர்கள். இந்த ஏற்பாட்டிலும் பலர் ஒரு தொகையைக் கட்டித்தான் சேர்கிறார்கள். மூன்றாம் வகை, சான்றிதழ் பெற்ற பின்பும் 'அனுபவத்துக்காக' என்று அதே கடையில் கூலியின்றித் தொடர்பவர்கள். உண்மையான சிக்கல் இந்த மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. விவாதங்களிலோ முதல் வகையினரின் குரலே உரக்கக் கேட்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு அந்தக் காசு தேவைப்படுவதில்லை.

கடைக்காரர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. முக்குளிப்புக் கடை கொழுத்த லாபம் தரும் தொழில் அன்று. கம்பிரசர், படகு, எரிபொருள், காப்பீடு, சிலிண்டர் சோதனை எல்லாம் செலவு. பருவமழை வந்தால் மாதக்கணக்கில் கடை மூடிக் கிடக்கும். பயிற்றுநர்களுக்கே பல ஊர்களில் சொற்பச் சம்பளம்தான், உதவியாளருக்கு எங்கிருந்து கொடுப்பது என்கிறார்கள். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர் தனியாக ஒரு குழுவைப் பொறுப்பேற்கும் பக்குவம் பெற நாளாகும், அதுவரை அவரால் கடைக்குச் சுமைதான் என்ற வாதமும் உண்டு. ஆர்வத்துக்காகச் செய்பவரிடம் சம்பளப் பட்டியல், வேலை நேரம், மேலாளர் எல்லாவற்றையும் திணித்தால் இருக்கும் இன்பமும் போய்விடும் என்று டைவ்மாஸ்டர்களில் சிலரே சொல்கிறார்கள்.

கடைசியில் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சுமை என்ற வாதத்தைப் பயிற்சி அமைப்பின் விதிகளோடு வைத்துப் பார்த்தால்தான் அது நிற்காது என்று தெரிகிறது. பி.ஏ.டி.ஐ.யின் தொடக்கநிலைப் பயிற்சியில், திறந்த கடலில் ஒரு பயிற்றுநர் அதிகபட்சம் 8 மாணவர்களை அழைத்துச் செல்லலாம். சான்றிதழ் பெற்ற உதவியாளர் ஒருவர் உடனிருந்தால் மேலும் 2 பேர், இப்படி உச்சவரம்பு 12. அதாவது டைவ்மாஸ்டர் ஒருவர் நீரில் இருப்பதாலேயே கடை இரண்டு மாணவர்களிடம் கூடுதலாகக் கட்டணம் வாங்க முடிகிறது. இரண்டு டைவ்மாஸ்டர்கள் இருந்தால், இன்னொரு பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்காமலே பன்னிரண்டு பேர் வகுப்பு நடக்கிறது. சான்றிதழ் பெற்றவர்களுக்கான படகுப் பயணத்திலோ பல சமயம் பயிற்றுநரே இருப்பதில்லை, டைவ்மாஸ்டர்தான் வழிகாட்டி. வழிகாட்டிக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் கட்டணம் கொடுத்திருக்கிறார், அந்தப் பணம் வழிகாட்டி கைக்குப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. இந்த உழைப்புக்குச் சந்தையில் விலை இருக்கிறது. யார் அந்த விலையை வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி.

கூலி உயராததற்கு இன்னொரு காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது, பலரும் கவனிக்காதது. டைவ்மாஸ்டரின் உழைப்பை வாங்கும் கடையேதான் டைவ்மாஸ்டர் பயிற்சியை விற்கவும் செய்கிறது. ஒவ்வொரு பயிற்சியும் கடைக்கு வருமானம். ஒவ்வொரு புதிய சான்றிதழும் வேலை தேடும் இன்னொரு ஆளை உருவாக்குகிறது. கடைக்கு எத்தனை டைவ்மாஸ்டர்கள் தேவை என்பதற்கும் அது எத்தனை பேரைப் பயிற்றுவிக்கிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விளைவு, ஒரே படகில் மூன்று பயிற்சி டைவ்மாஸ்டர்கள். அவர்கள் பணம் கட்டி வந்து செய்யும் வேலையை, போன பருவத்தில் தேறியவர் காசு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும் என்றால் கடை ஏன் அவரை வைத்துக்கொள்ளப் போகிறது? தேறிய பிறகு வேலைக்குப் போட்டி தனக்குப் பின்னால் கட்டணம் கட்டிச் சேர்ந்தவரிடமிருந்தே வருகிறது என்பது வேறு தொழில்களில் அரிதாகவே காணக்கூடிய வேடிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறினாலும், அமெரிக்க வழக்குகள் இந்தச் சிக்கலை நன்றாகவே அலசியிருக்கின்றன. அங்கே குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பது 1938இன் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம். லாப நோக்குடைய தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் 'தன்னார்வலராக' உழைக்க முடியாது என்பதே தொழிலாளர் துறையின் நிலைப்பாடு. தொண்டு நிறுவனத்துக்கும் அரசுக்கும்தான் தன்னார்வ உழைப்பு. பயிற்சி பெறுபவர் விஷயத்தில் 1947இன் போர்ட்லேண்ட் டெர்மினல் வழக்கு முன்னோடி. ரயில்வே யார்டில் பிரேக்மேன் வேலை பழக வந்தவர்களுக்கு ஊதியம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் வழக்கமான ஊழியர்களின் இடத்தைப் பிடிக்கவில்லை, அவர்களால் நிறுவனத்துக்கு உடனடி ஆதாயம் இல்லை, சொல்லப்போனால் வேலைக்கு இடைஞ்சல்தான் என்பது அதற்கான காரணம். முதல் வாரத்தில் சிலிண்டர் கட்டத் தடுமாறும் பயிற்சி டைவ்மாஸ்டருக்கு இது அப்படியே பொருந்தும். மூன்றாவது மாதத்தில் படகின் விருந்தினர்கள் எட்டுப் பேரையும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்றால் பொருந்தாது.

1985இன் அலாமோ அறக்கட்டளை வழக்கு இன்னும் நெருங்கி வருகிறது. ஆர்கன்சாவைச் சேர்ந்த மத அமைப்பு ஒன்று பெட்ரோல் பங்க், துணிக்கடை, பண்ணை என்று பல தொழில்கள் நடத்தியது. அவற்றில் வேலை செய்த பக்தர்களுக்குச் சம்பளம் இல்லை, உணவும் உடையும் உறைவிடமும் மட்டும். தாங்கள் தொண்டர்கள், கூலி தங்களுக்கு வேண்டாம் என்று அந்தப் பக்தர்களே சாட்சி சொன்னார்கள். ஆனாலும் அவர்கள் ஊழியர்களே, கிடைத்த உணவும் உறைவிடமும் வேறு வடிவில் வந்த கூலியே என்று நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்ற விதிவிலக்கைத் திறந்துவிட்டால், பேரம் பேசும் பலமுள்ள முதலாளிகள் எல்லோரிடமும் அப்படிச் சொல்ல வைத்துவிடுவார்கள் என்பது அதன் வாதம். இலவச முக்குளிப்பையும் கருவித் தள்ளுபடியையும் இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால் அவை நன்றிக்கடனாகத் தெரிவதில்லை, போதாத கூலியாகவே தெரிகின்றன. இந்தியாவில் 1982இன் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைவிட ஒரு படி மேலே போனது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை வாங்குவது, தொழிலாளி வறுமையால் இசைந்திருந்தாலும், அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது.

அமெரிக்கச் சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. மிகச் சிறிய நிறுவனங்கள் மத்திய சட்டத்தின் வரம்புக்குள் வராமல் போகலாம். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுக்கலாம், டிப்ஸ் சேர்த்தும் 7.25 டாலர் வராவிட்டால்தான் முதலாளி மீதியை ஈடுகட்ட வேண்டும். 2018 முதல் இன்டர்ன்ஷிப் விஷயத்தில் 'முதன்மைப் பயனாளி யார்' என்ற அளவுகோலைத் தொழிலாளர் துறை பின்பற்றுகிறது. ஏற்பாட்டில் அதிகம் பயனடைபவர் மாணவரா நிறுவனமா என்று பல கூறுகளை எடைபோட்டு முடிவு செய்வது அது. கடை கேட்டால் மாணவர்தான் என்று சொல்லும்.

ஊதியத்தைவிடக் கவலைக்குரியது பொறுப்பு. கூலி வாங்காதவரைச் சட்டம் காப்பாற்றும் என்று பல டைவ்மாஸ்டர்கள் நம்புகிறார்கள். அமெரிக்காவில் 1997இன் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் உண்மையிலேயே தன்னார்வலர்களை வழக்குகளிலிருந்து ஓரளவு காக்கிறது, ஆனால் லாபநோக்கற்ற அமைப்புகளிலும் அரசு அமைப்புகளிலும் உழைப்பவர்களை மட்டும். வணிகக் கடைக்கு இலவசமாக உழைப்பவருக்கு அந்தக் குடை இல்லை. ஊழியர் என்ற தகுதி இல்லாவிட்டால், வேலையில் காயம்பட்டவருக்கான இழப்பீட்டுக் காப்பீடும் கைக்கு எட்டுவது கடினம். உடலில் கரைந்த நைட்ரஜனால் அழுத்தக் குறைவு நோய் வந்து உயர் அழுத்த அறையில் சிகிச்சை பெற நேர்ந்தால் ஆகும் செலவு சிறியதல்ல. கூலி இல்லாதவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். தொழிலாளிக்குரிய பாதுகாப்பு அவருக்கு இல்லை, தொண்டருக்குரியதும் இல்லை.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு 2004இல் கலிபோர்னியாக் கடலில் நடந்தது சான்று. நியூபோர்ட் பீச்சுக்கு அப்பால் எண்ணெய்த் தளம் ஒன்றருகே முக்குளிக்கச் சென்ற குழுவில் ஒருவர், படகிலிருந்து தள்ளி நீரோட்டத்தின் போக்கில் மேலே வந்தார். மூடுபனி வேறு. பதிவேட்டிலோ அவர் படகில் இருப்பதாக டைவ்மாஸ்டர் குறித்திருந்தார். படகு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. மணிக்கணக்கில் மிதந்தவரை, சாரணச் சிறுவர்களை ஏற்றிவந்த பாய்மரக் கப்பல் ஒன்று தற்செயலாகக் கண்டு மீட்டது. 2010இல் ஜூரி அவருக்கு 16.8 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 1998இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது. அவர்களுடைய பை படகில் கிடந்ததைப் பார்த்து விஷயம் புரிவதற்கே இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு குயின்ஸ்லாந்து மாநிலம் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கியது. தலை எண்ணுவது சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் படித்துப் பார்க்கலாம். இத்தகைய வேலையை, களைத்துப்போன, எந்த ஒப்பந்தமும் இல்லாத, நாளைக்கே வராமல் போகக்கூடிய ஒருவரிடம் ஒப்படைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனும் பிரான்சும் வேறு வழியில் கோடு கிழித்திருக்கின்றன. பிரிட்டனில் 1997இன் பணிநிமித்த முக்குளிப்பு விதிகள், முக்குளிப்பவர்களில் ஒருவராவது வேலையாக இறங்கினாலே பொருந்தும். அந்த ஒருவர் அதற்குரிய மருத்துவச் சான்றும் வைத்திருக்க வேண்டும். 1998இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தொண்டு நிறுவனம் போன்றவற்றில் உழைக்கும் தன்னார்வத் தொழிலாளருக்கு மட்டுமே விலக்கு தருகிறது, வணிகக் கடைக்கு அது பொருந்தாது. மன்றங்களோ எப்போதும்போல் உறுப்பினர்களின் இலவச உழைப்பில் நடக்கின்றன, அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. பிரான்சில் காசு வாங்கிக்கொண்டு முக்குளிப்பு கற்றுத்தர அரசுப் பட்டயம் வேண்டும். காசு வாங்காத மன்றப் பயிற்றுநருக்குக் கூட்டமைப்பின் சான்றிதழே போதும். இரண்டு நாடுகளிலும் அடிப்படை ஒன்றுதான்: லாபம் எடுக்க ஆள் இல்லாத இடத்தில் கூலியும் இல்லாமல் இருக்கலாம்.

வெப்பமண்டலத் தீவுகளில் இந்தக் கோடு மங்கிவிடுகிறது. தாய்லாந்தின் கோ தாவ், உலகில் மிக அதிகமானோர் முக்குளிப்புச் சான்றிதழ் பெறும் இடங்களில் ஒன்று. அங்கே டைவ்மாஸ்டர் இன்டர்ன்ஷிப் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கல்லூரி முடித்த ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் வந்து சில மாதம் தங்குகிறார்கள். தாய்லாந்தின் 2008ஆம் ஆண்டு வெளிநாட்டினர் வேலைச் சட்டம் வேலை என்பதை வரையறுத்தபோது, ஊதியம் உண்டோ இல்லையோ உடலுழைப்போ அறிவோ செலுத்துவதெல்லாம் வேலைதான் என்றது. கூலி வாங்காததால் அனுமதி தேவையில்லை என்று சொல்ல அந்த வரையறையில் இடம் இருக்கவில்லை. முக்குளிப்பு உலகம் தவிர்த்துவந்த உண்மையை ஒரு குடியேற்றச் சட்டம் நேராகச் சொல்லிவிட்டது.

இலவச உழைப்பால் அதிகம் இழப்பவர் அந்த இளைஞர் அல்லர். அவருக்கு ஊரில் சேமிப்பு இருக்கிறது, திரும்பிப் போக விமானச் சீட்டு இருக்கிறது. அந்தத் தீவின் மீனவர் வீட்டுப் பையனுக்கு இரண்டும் இல்லை. அதே பாறைகளையும் நீரோட்டத்தையும் சிறுவயது முதல் அறிந்தவன் என்றாலும், சம்பளமில்லாமல் மூன்று மாதம் படகில் உதவி செய்து அனுபவம் சேர்க்க அவனால் முடியாது, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். டைவ்மாஸ்டர் வேலையின் விலை பூச்சியம் என்று ஆகிவிட்டால், அந்த வேலைக்குள் நுழையும் தகுதி கடலறிவு அல்ல, வசதி. அந்தமானின் ஸ்வராஜ் தீவிலும் புதுச்சேரியிலும் இலங்கையின் திருகோணமலையிலும் முக்குளிப்புச் சுற்றுலா வளர்ந்துவரும் காலம் இது. கரையோர ஊர்களின் இளைஞர்கள் சிலிண்டர் தூக்குபவர்களாகவும் படகோட்டிகளாகவும் நின்றுவிடுவார்களா, வழிகாட்டிகளாகவும் பயிற்றுநர்களாகவும் உயர்வார்களா என்பதைத் தீர்மானிக்கப்போவது இந்தக் கணக்குத்தான். இது தொழிலாளர் சட்டத்தின் பிரச்சினையாக மட்டும் பார்க்கப்படுவது வருத்தத்துக்குரியது.

கொடுப்பது என்று முடிவானால் எப்படிக் கொடுப்பது என்பதும் சாதாரண விஷயமில்லை. டிப்ஸை நம்பி விடுவது பல படகுகளில் வழக்கம், அதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. டிப்ஸ் கொடுப்பவர் தான் கண்டு மகிழ்ந்ததற்குக் கொடுக்கிறார். ஆமையையும் சுறாவையும் காட்டியவருக்குக் கைநிறைய விழும். நீரோட்டம் சரியில்லை, இன்று இறங்க வேண்டாம் என்று படகைத் திருப்பியவருக்கு முகச்சுளிப்புதான் மிச்சம். டைவ்மாஸ்டர் மிகச் சரியாக வேலை செய்த நாளே அவருக்கு வருமானம் வராத நாளாகிறது. வாடிக்கையாளரை மகிழ்விக்கப் பவளப்பாறையில் ஒளிந்திருக்கும் உயிரினத்தைக் குச்சியால் குத்தி வெளியே கொண்டுவரும் வழிகாட்டிகள் உருவாவதிலும் டிப்ஸுக்குப் பங்கு உண்டு. தலைக்கு இவ்வளவு என்ற முறையும் ஏறக்குறைய இதே திசையில்தான் இழுக்கும். ஆறு பேர் போதும் என்ற இடத்தில் பத்துப் பேரை ஏற்ற அவருக்கே ஆசை வரும். நாள்கூலியோ மாதச் சம்பளமோ மட்டும்தான் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு அவரைத் தண்டிக்காது. அதற்கு மேல் டிப்ஸ் வந்தால் வரட்டும்.

கட்டணம் ஏறிவிடும் என்ற பயத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, டைவ்மாஸ்டருக்கு நாள் ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, படகில் எட்டு வாடிக்கையாளர்கள் என்றால் தலைக்கு 187 ரூபாய் 50 காசு. இரண்டு முறை கடலில் இறங்கப் பல ஆயிரம் கொடுத்து, அதற்காக விமானமும் கப்பலும் ஏறி வந்தவர் இந்தத் தொகைக்காகத் திரும்பிப் போகமாட்டார். போட்டிக் கடை கொடுக்காதபோது தான் மட்டும் கொடுத்தால் விலையில் பின்தங்க நேருமே என்று கடைக்காரர் தயங்குவதும் நியாயம்தான். தனிக் கடையின் நல்ல மனத்தை நம்பி இந்த வழக்கம் மாறாது என்பதற்கு அதுவே காரணம். எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும் விதி வந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமிருக்காது.

மிச்சமிருப்பது பயிற்சிக் காலம். டைவ்மாஸ்டர் பயிற்சியில் என்னென்ன திறன்களைச் செய்து காட்ட வேண்டும் என்பதற்குப் பயிற்சி அமைப்புகளிடம் பட்டியல் இருக்கிறது: விளக்கவுரை தருவது, இடத்தின் வரைபடம் போடுவது, தேடி மீட்பது, வகுப்பில் உதவுவது, சான்றிதழ் பெற்றவர்களை வழிநடத்துவது. ஒவ்வொன்றையும் பயிற்றுநர் மதிப்பிட்டுக் கையெழுத்திடுகிறார். எனவே பயிற்சி எப்போது முடிகிறது என்பது ஊகத்துக்கு விடப்பட்ட விஷயமே அன்று. கடைசிக் கையெழுத்து விழும் வரை அவர் மாணவர். கட்டணம் கட்டுகிறார், சொல்லித்தர ஆள் உடனிருக்க வேண்டும், அவரைக் கணக்கில் சேர்த்துக் கூடுதல் வாடிக்கையாளரை ஏற்றக் கூடாது. கையெழுத்து விழுந்த மறுநாள் அதே படகில் அவர் ஏறினால் அது வேலைநாள்.